அந்த ஓட்டைகளை என் பிளேடு போடவில்லை

போன மாதம், எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நெல் வேரின் குறுக்குவெட்டு. நடுவே அச்சு, வெளியே வட்டம், இரண்டுக்கும் இடையில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி மெல்லிய இழைகள், இழைகளுக்கு நடுவில் வெறும் ஓட்டை. கீழே எழுதியிருந்தாள்: "மேடம், நாலு நாளா வெட்டறேன், கிழிஞ்சு கிழிஞ்சுதான் வருது. பிளேடு சரியில்லையா, என் கை சரியில்லையா?"

நான் ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டாகிறது. படத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தெட்டு வயதில் இதே கேள்வியோடு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் அலைந்தவள் நான். அவளுக்கு ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் வசந்தா. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தஞ்சாவூரில் இரண்டு வருடம் ஆய்வகப் படிப்பு படித்தேன். ரத்தமும் சிறுநீரும் சோதிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வேலை கிடைத்ததோ நெல் ஆராய்ச்சி நிலையத்தில். இரண்டு ஆண்டுகள் வயலில் தூர் எண்ணினேன், கதிர் எண்ணினேன், விதைச் சாக்குகளுக்கு அட்டை கட்டினேன். அப்புறம் ஆய்வகத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். என் பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான் உண்டு.

டாக்டர் சுமதி எங்கள் நிலையத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனால் எனக்கு மேலதிகாரி. கோடியக்கரைப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா கடலுக்குப் போகிறவர். வந்த முதல் நாளே மைக்ரோஸ்கோப் இருந்த மேசையை ஜன்னலிலிருந்து நகர்த்தி, சுவர்ப் பக்கம் போடச் சொன்னார். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டுவிட்டுத்தான் ஸ்டூலில் உட்காருவார். திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். என் குறிப்பு நோட்டை வாரத்துக்கு ஒருமுறை வாங்கிப் பார்ப்பார். அதில் 'போல' என்ற சொல் எங்கே இருந்தாலும் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். "இலை வெந்தது போல இருந்தது" என்று எழுதியிருப்பேன். 'போல' மீது வட்டம் விழும். என்ன நிறம், எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். நான் ஏதாவது கண்டுபிடித்த மாதிரி ஓடிப்போய்ச் சொன்னால் நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்பார்: "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" அந்தக் கேள்விக்கு முதல் வருடத்தில் நான் பயந்ததுபோல வேறெதற்கும் பயந்ததில்லை.

கையால் வேரை வெட்டுவது இப்படி. தஞ்சாவூரில் பொம்மையும் மாலையும் செய்கிற நெட்டி இருக்கிறதே, குளத்தில் விளைவது, அதில் ஒரு விரல் நீளத் துண்டு எடுத்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும். நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கழுவிய வேரை அந்தக் கீறலுக்குள் வைத்து மூட வேண்டும். வேர் நசுங்கக் கூடாது, நழுவவும் கூடாது. இடது கையில் நெட்டி, வலது கையில் ஈரமான புது பிளேடு. பிளேடைத் தன் பக்கமாக ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். அறுக்கக் கூடாது. ஐம்பது முறை இழுத்தால் நாற்பத்தைந்து தடிப்பாக வரும். ஐந்து மட்டும் தண்ணீர்க் கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும். மெல்லிய தூரிகையால் அந்த ஐந்தை எடுத்துச் சிவப்புச் சாயத்தில் போட்டுக் கழுவி, ஸ்லைடில் வைத்து, மேலே மூடுகிற மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழி உட்கார்ந்துகொள்ளும்.

டாக்டர் சுமதி எனக்குக் கொடுத்த முதல் வேலை நெல் வேர்கள்தான். வயலிலிருந்து பிடுங்கி வந்து முதல் நாள் முழுவதும் வெட்டினேன். எல்லாவற்றிலும் ஓட்டை. பிளேடை மாற்றினேன். நெட்டியை மாற்றினேன். வேரை ஐஸில் வைத்து விறைக்க வைத்து வெட்டிப் பார்த்தேன். ஓட்டை. இரண்டாம் நாள் முடிவில் எல்லாம் கிழிந்தவை என்று நானே முடிவு செய்து இருநூறு வெட்டுகளுக்கு மேல் கொட்டிவிட்டேன். வயலில் வேலை பார்த்த கை, இந்த நுணுக்கமெல்லாம் நமக்கு வராது, திரும்பத் தூர் எண்ணத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மதியம் அவரிடம் போய், எனக்கு இது சரிப்படாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து வந்து என் ஸ்லைடைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, வேரை நுனியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அரை சென்டிமீட்டருக்கும் ஒரு வெட்டு எடுத்து வரிசையாக வைக்கச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

பதினான்கு ஸ்லைடுகள் வந்தன. நுனியிலிருந்து முதல் வெட்டில் ஓட்டையே இல்லை. தேன்கூட்டு அறைகளாகச் செல்கள் நெருக்கமாக நின்றன. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், உள் வட்டத்துக்கும் வெளி வட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு செல் சுருங்கியிருந்தது. நான்காவதில் அது இல்லை. அதன் இரு பக்கமும் இருந்தவை சுருங்கியிருந்தன. மேலே போகப் போக இடைவெளி வளர்ந்தது. பதினான்காவதில் முழுச் சக்கரம். ஆனால் ஒன்றில்கூட நடு அச்சு உடையவில்லை. ஒன்றில்கூட வெளிச் சுற்று உடையவில்லை. கிழிசல் இத்தனை ஒழுங்காக வராது. அது எனக்கே தெரிந்தது.

"வெட்டினது நீங்க இல்ல வசந்தாக்கா" என்றார். "அந்த செல்லுங்க தானாவே செத்திருக்கு. சாகுறதுக்கு அதுக்குள்ளயே ஏற்பாடு இருக்கு."

பிறகு, அவருக்கு வழக்கமில்லாத அளவுக்குப் பேசினார். சேற்றுக்குள் காற்று கிடையாது. வேருக்கு மூச்சு வேண்டும். இலையில் நுழைகிற காற்று தண்டு வழியாக வேர் நுனி வரைக்கும் இறங்க வேண்டுமானால் குழாய் வேண்டும். அந்தக் குழாயைப் போடுவதற்காக வேரின் நடுப்பகுதியில் இருக்கிற செல்கள் செத்து இடம் விடுகின்றன. நசுங்கியோ அழுகியோ சாவதில்லை. ஒரு செல் முதலில் தன் நடுவிலிருக்கும், டி.என்.ஏ. என்கிற மரபுச் சரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறது. அப்புறம் தன் உள்ளே இருப்பதைக் கரைத்துக்கொள்கிறது. கடைசியில் சுவரையும் இளக்கிவிட்டுக் காலியாகிறது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் கடைசியாகக் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போவதுபோல. அந்தக் கடைசி வரி என்னுடையது. மேடம் பார்த்திருந்தால் வட்டம் போட்டிருப்பார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது இரண்டு பக்கமும் நட்டு ஒரு மாதமான பயிர். முழங்கால் தண்ணீர். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். மற்ற பயிரெல்லாம் நாலு நாள் தண்ணீர் நின்றால் மஞ்சளாகிவிடும், நெல் மட்டும் நிற்கும் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எப்படி நிற்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சேற்றுக்குள் ஒவ்வொரு வேரிலும், கண் எட்டுகிற தூரம் வரைக்கும், அந்த நிமிடத்தில் எத்தனை செல்கள் மூச்சுக்கு வழிவிட்டுச் செத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போய்விட்டேன்.

அடுத்தது என் வீட்டு விஷயம்.

முப்பது வயதில் எனக்கு மகன் பிறந்தான். வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் நுனி வரைக்கும் ஒட்டியிருந்தன. மாமியார் கெட்டவர் இல்லை. ஆனாலும் குழந்தையின் கையைப் பார்த்த அன்றே அவர் வாயில் வந்தது, ஒன்பது மாதமும் பிளேடு பிடித்த கை என்பதுதான். நான் கர்ப்பமாக இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். வெட்டியுமிருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது நெட்டியைக் கையில் எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் சுமதி அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு வாரம் போனது. பிறகு ஒருநாள் காலையில் குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். கையை விரித்து, ஒட்டிய விரல்களைத் தன் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். உள்ளே எலும்பு தனித்தனியாகத்தான் இருக்கிறது, தோல்தான் ஒட்டியிருக்கிறது என்றார்.

நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், நான் வெட்டியதால்தானா என்று.

"நீங்க வெட்டினதால இல்ல. வெட்ட வேண்டியது வெட்டாததால" என்றார்.

கருவில் எல்லாருக்கும் கை முதலில் துடுப்பு மாதிரிதான் முளைக்கிறதாம். விரல்கள் அதிலிருந்து முளைத்து வருவதில்லை. விரலுக்கும் விரலுக்கும் நடுவே இருக்கிற செல்கள் குறித்த நேரத்தில் செத்து விலகுவதால்தான் விரல் பிரிகிறது. என் மகனின் கையில் ஓர் இடைவெளியில் மட்டும் அந்தச் செல்கள் சாகாமல் தங்கிவிட்டன. எங்கள் நிலையத்து வயலில் அப்போது அறுவடை முடிந்து வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அதைக் காட்டினார். கோழிக் குஞ்சின் காலில் அந்தச் செல்கள் சாகின்றன, விரல் பிரிகிறது; வாத்தின் காலில் அவை சாவதில்லை, அதனால் நீந்துகிறது. அவ்வளவுதான் என்றார்.

நான் என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டேன். பத்து விரலுக்கும் நடுவில் எட்டு இடைவெளி. நான் கண் திறப்பதற்கு முன்பே, எனக்காக அங்கே செத்துப்போனவை எத்தனையோ. அவை செத்ததால்தான் நான் பிளேடு பிடிக்கிறேன், சோறு பிசைகிறேன், பிள்ளையைத் தூக்குகிறேன். உயிரோடு இருப்பதால் மட்டும்தான் உடம்பு உருவாகிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ஒன்றரை வயதில் தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை நடந்தது. தொடை மடிப்பிலிருந்து தோல் எடுத்து விரலிடுக்கில் ஒட்டினார்கள். கட்டுப் பிரித்த அன்று என் மாமியார் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இன்று அவன் மோட்டார் காயில் கட்டும் வேலை செய்கிறான். தலைமுடி கனமே உள்ள செம்புக் கம்பியை அந்த விரல்களால்தான் சுற்றுகிறான்.

இனி, என் முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் மிகக் கடினமாக இருந்தது என்று நான் சொல்வது.

சீர்காழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் தங்கராசு என்று ஒரு விவசாயி. அவருடைய அப்பா அந்த ஊரில் பண்ணை வேலை பார்த்தவர். தங்கராசுவும் அவர் மனைவி அஞ்சம்மாளும் பதினைந்து வருடம் குத்தகைக்கு உழுது, பிறகு சொந்தமாக மூன்று ஏக்கர் வாங்கியவர்கள். எங்கள் நிலையம் உருவாக்கிய புதிய நெல் வகை ஒன்றை, அதற்கு அப்போது பெயர்கூட இல்லை, ஓர் எண்தான், சோதனைக்காக அவர் சம்பா பட்டத்தில் மூன்று ஏக்கரிலும் நட்டிருந்தார். குலைநோய் தாங்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. குலைநோய் பூஞ்சையால் வருவது. இலையில் கண் மாதிரிப் புண் வைத்து, பிறகு கதிரின் கழுத்தைக் கருக்கிப் பயிரைச் சாய்த்துவிடும்.

கார்த்திகைக் கடைசியில் பனி இறங்க ஆரம்பித்ததும் பக்கத்து வயல்களில் குலைநோய் வந்தது. அதே வாரத்தில் தங்கராசுவின் பயிரிலும் புள்ளி விழுந்தது. கண் மாதிரி இல்லை. ஊசி முனை அளவு பழுப்புப் புள்ளிகள், இலைக்கு முப்பது நாற்பது. மூன்று ஏக்கர் பயிரும் துருப் பிடித்தது மாதிரி நின்றது. சுற்றியிருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். வெளியூர் விதையைக் கொண்டுவந்து நட்டதால்தான் ஊருக்கே நோய் வந்தது என்று பேச்சு. இது நெல்லுக்கு வந்த புற்றுநோய், விட்டால் எல்லா வயலையும் தின்றுவிடும் என்று ஒருவர் எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். விவசாய அலுவலர் வந்து பார்த்தார். நியாயமான மனிதர், அவருக்குச் சுற்றியிருக்கிற அறுபது ஏக்கரும் கவலை. திங்கட்கிழமை டிராக்டர் விட்டு மடக்கி உழுதுவிடுங்கள் என்றார். அன்று வியாழக்கிழமை.

டாக்டர் சுமதியும் நானும் தங்கராசு வயல் இலையையும் பக்கத்து வயல் இலையையும் அறுத்துக்கொண்டு திரும்பினோம். வட்டக் கண்ணாடித் தட்டில் ஈரத் தாள் விரித்து அதன் மேல் இலைத் துண்டுகளை வைத்து மூடினோம். மறுநாள் பார்த்தபோது பக்கத்து வயல் இலைகளின் புண்களில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது. தங்கராசுவின் இலைப் புள்ளிகளில் ஒன்றுமே இல்லை.

எனக்கு அப்போதே சந்தோஷம். அவருக்கு இல்லை. பூஞ்சை இல்லையென்றால் இரண்டு விதமாக இருக்கலாம் என்றார். பூஞ்சை நுழைந்த இடத்தில் அந்த இலைச் செல்லும் அதைச் சுற்றியிருக்கிற நாலைந்து செல்களும் உடனே செத்து, அதற்குச் சாப்பாடு கிடைக்காமல் செய்து அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் பயிர் ஜெயித்த இடம். அல்லது, எதிரியே வராமல் காரணமில்லாமல் செல்கள் செத்துக்கொண்டிருக்கலாம்; பிறவியிலேயே அப்படி ஒரு கோளாறு சில நெல்லுக்கு உண்டு. அப்படியானால் உழுதுவிடுவதுதான் சரி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்புப் புள்ளி. உள்ளே பூஞ்சையின் இழை நுழைந்து, நின்றுபோன இடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அதற்கு ஒரு நீலச் சாயம் இருக்கிறது. செத்த செல்லும் பூஞ்சை இழையும் அந்த நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவும்போது விட்டுவிடும். எவ்வளவு நேரம் கழுவுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வெள்ளிக்கிழமை அதிகம் கழுவிவிட்டேன். பதற்றம்தான் காரணம். இலை கண்ணாடி மாதிரித் தெளிவாக வர வேண்டும் என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டு, நீலம் முக்கால்வாசி போய்விட்டது. புள்ளிகளும் பழையவை, உள்ளே பழுப்பு ஏறி ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு ஸ்லைடில் ஒன்றே ஒன்றில், ஒரு செல்லுக்குள் வெளிறிய நீலக் கோடு ஒன்று இருந்தது. இழையாக இருக்கலாம். தூரிகையின் முடியாகவும் இருக்கலாம்.

நான் அந்த ஸ்லைடை எடுத்துக்கொண்டு போனேன். இழை இருக்கிறது மேடம் என்றேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

தங்கராசுவின் மூன்று ஏக்கர் என் கண் முன்னால் நின்றது. ஆமாம் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் என்னை நம்பியிருப்பார் என்றுதான் இன்றும் எண்ணுகிறேன். என் அப்பா வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தும் ஒரு குழி நிலம் வாங்கவில்லை. வாங்கிய ஒருவரின் பயிரை நான் அதிகம் கழுவியதால் உழப்போகிறார்கள்.

"நினைச்சேன் மேடம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் சீர்காழி போவது என்று முடிவாயிற்று. பழைய புள்ளி வேண்டாம். புதிதாக விரிந்த இலையில், புள்ளி இன்னும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்காத, லேசாக நிறம் மங்கிய இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். எடுத்த நிமிடமே, வயலில் நின்றபடியே, இலைத் துண்டைச் சாராயமும் வினிகர் அமிலமும் கலந்த குப்பிக்குள் போட்டு, அந்தக் கணத்திலேயே இலைக்குள் நடப்பதை நிறுத்திவிட வேண்டும்.

போனபோது தங்கராசு வரப்பில் நின்றிருந்தார். அஞ்சம்மாள்தான் என்னோடு சேற்றில் இறங்கினார். அவருக்குக் கண் கூர்மை. நான் இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துத் தேடிக்கொண்டிருக்க, அவர் விரலால் தடவியே, இந்த இடத்தில் சொரசொரப்பு வரப்போகிறது என்று காட்டினார். அவர் காட்டிய இடங்களை நான் தனிக் குப்பியில் போட்டேன். பத்து மணிக்குள் நாற்பது குப்பி. மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "திங்கக்கெழம டிராக்டர் வேணாம்னு சொல்லிடலாமாங்க?" என்று கேட்டார். தெரியாது அக்கா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டும். இந்த முறை மணி பார்த்துக் கழுவினேன். அஞ்சம்மாள் காட்டிய இலைகளைத்தான் முதலில் எடுத்தேன். மூன்றாவது ஸ்லைடில் கிடைத்தது.

இலைத் தோலின் மேல் பேரிக்காய் வடிவத்தில் பூஞ்சையின் வித்து ஒன்று உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் குழாய், குழாயின் முனையில் கறுத்த வட்டம்; பூஞ்சை இலையைத் துளைக்கிற இடம் அது. அதற்கு நேர் கீழே ஒரு செல், அடர்நீலம், சுருங்கி. அந்தச் செல்லுக்குள் மொட்டையான இழை ஒன்று, இரண்டு மடிப்பு மடிந்து அங்கேயே நின்றிருந்தது. சுற்றிலும் ஐந்து செல்கள் நீலம். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. தெளிந்த, சாயம் ஏறாத, வரிசை குலையாத செல்கள்.

நான் எழுந்து அவருக்கு ஸ்டூலை விட்டேன். அவர் பார்த்தார். அடுத்த ஸ்லைடு கேட்டார். அதற்கு அடுத்தது. எழுபத்தோரு புள்ளிகளை எண்ணினோம். அறுபத்தெட்டில் நடுவே பூஞ்சை இருந்தது, எல்லாவற்றிலும் ஐந்தாறு செல்லைத் தாண்டாமல் நின்றிருந்தது. பூஞ்சை இல்லாத இடத்தில் ஒரு செல்லும் வீணாகச் சாகவில்லை. மிச்சம் மூன்றும் தெளிவில்லை. அதையும் அப்படியே எழுதினோம். பக்கத்து வயல் இலையை அதே சாயத்தில் போட்டுப் பார்த்தால் நீல இழை செல் விட்டுச் செல் தாண்டி ஆறு கிளை பிரிவது மாதிரி ஓடியிருந்தது. அங்கே எந்தச் செல்லும் நேரத்துக்குச் சாகவில்லை.

புற்றுநோய் என்று ஒருவர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். புற்று என்றால் சாக வேண்டிய செல் சாக மாட்டேன் என்பது, இது அதற்கு நேர் எதிர் என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அலுவலர் எங்கள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போனை எடுத்து டிராக்டரை நிறுத்தச் சொன்னார். தைக் கடைசியில் தங்கராசு அறுத்தார். சுற்றியிருந்த பல வயல்களில் கழுத்துக் குலைநோய் வந்து கதிர் வெறும் பதராகச் சாய்ந்தது. அந்த வருடம் அந்த ஊரில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாமல் இருந்தது என்று தங்கராசு பிறகு சொன்னார். ஜெயித்தவர் மாதிரி அவர் அதைச் சொல்லவில்லை. அடுத்த பட்டத்துக்கு அதே ஆட்கள் வந்து விதை கேட்டார்கள், கொடுத்தார். அந்த நெல்லும் நிரந்தரம் இல்லை. ஏழெட்டு வருடத்தில் பூஞ்சை மாறியது, அந்த இலைச் செல்களுக்கு எதிரியை அடையாளம் தெரியாமல் போயிற்று. இப்போது வேறு வகைகள் வந்துவிட்டன.

ஆனால் அந்த மாசியில் தங்கராசுவும் அஞ்சம்மாளும் புது நெல்லில் ஒரு பை எடுத்துக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்த பகலைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வைத்துக் காட்டினேன். தங்கராசு ஒரு கண்ணை மூடி வெகு நேரம் பார்த்தார். தன் வயலா என்று கேட்டார். உங்கள் வயல்தான் என்றேன். அந்தச் செத்த செல்லுக்குத் தெரியுமா, தான் எதற்குச் செத்தோம் என்று கேட்டார். டாக்டர் சுமதி, அது தனக்குத் தெரியாது என்றார்.

அஞ்சம்மாள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"செத்ததைக் காட்டிட்டீங்க. உசுரோட இருக்கறதையும் ஒருக்கா காட்டுங்கம்மா."

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நிலையத்து வயலில் போய் இளம் பயிர் ஒன்றைப் பிடுங்கி வந்தேன். இலையின் அடிப்பக்கம் தண்டைச் சுற்றியிருக்கிற உறையைப் பிரித்து, அதன் உள்தோலைக் கண்ணாடித் தாள் மாதிரி உரித்தேன். சாயம் எதுவும் போடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துக் கண்ணாடிச் சில்லை இறக்கினேன். நீண்ட செல்கள் செங்கல் அடுக்காகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் சுவரோரமாகச் சிறு துகள்கள் வரிசையாக நகர்ந்து, மூலையில் திரும்பி, மறுபடி நகர்ந்துகொண்டிருந்தன.

அஞ்சம்மாள் குனிந்தார். பிறகு தலையை எடுக்காமலே, "ஓடிக்கிட்டே இருக்குதுங்க" என்றார்.

"ஆமாக்கா."

"சாவணும்னா சாவறதுக்கு, அந்த ஏற்பாடு இது ஒவ்வொண்ணுக்குள்ளயும் இப்பவே இருக்கா?"

இருக்கிறது என்றார் டாக்டர் சுமதி. அந்தச் செல்களில் மட்டுமல்ல, அதைப் பார்க்கிற கண்ணிலும் இருக்கிறது என்றார்.

அஞ்சம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. கையை மேசையில் ஊன்றி, இன்னும் கொஞ்சம் நன்றாகக் குனிந்தார். சீர்காழி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று தங்கராசு வாசல் பக்கம் பார்த்தார். பிறகு அவரும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் காயக் காய நான் துளிசொட்டியால் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். அஞ்சம்மாள் போதும் என்று சொல்லும் வரைக்கும் அவை ஓட வேண்டும் என்று இருந்தது எனக்கு.